ரந்தம்போர் தேசியப் பூங்காவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: அனுமதிச் சீட்டு முதல் பாறைக்கோட்டை வரை

ராஜஸ்தானின் சவாய் மாதோபூர் மாவட்டத்தில் இருக்கும் ரந்தம்போர் தேசியப் பூங்காவுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் பயணத்தில் என் தந்தையால் காட்டுக்குள் நுழைய முடியவில்லை. இடைத்தரகர் ஒருவரிடம் பணம் கொடுத்துப் பதிவு செய்திருந்தோம். அப்பாவின் பெயருக்கு எதிரே அவர் வாக்காளர் அட்டை எண்ணை ஏற்றியிருந்தார். அப்பாவோ ஆதார் அட்டையை மட்டுமே கொண்டு வந்திருந்தார். இரண்டு நாள் ரயில் பயணம் செய்து வந்த எழுபது வயதுக்காரர் விடுதி வாசலில் நின்று எங்களுக்குக் கையசைத்து வழியனுப்பியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பிழை சிறியதுதான், ஆனால் அன்று காலை அதைச் சரிசெய்ய வழியே இல்லாமல் போயிற்று. இரண்டாம் முறை எல்லாவற்றையும் நானே பதிவு செய்து அப்பாவை அழைத்துப் போனேன். அந்த இரண்டு பயணங்களிலும் கற்றுக்கொண்டதை, எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம், ரயில் சீட்டையும் விடுதியையும் முதலில் எடுத்துவிட்டு, சஃபாரி அனுமதியைக் கடைசியில் தேடுபவர்களே இங்கே அதிகம் ஏமாந்து போகிறார்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

பூங்காவின் மையப் பகுதியான 1 முதல் 5 வரையிலான மண்டலங்கள் அக்டோபர் 1 முதல் ஜூன் 30 வரை மட்டுமே திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அவை மூடப்படும். அந்த மழைக்காலத்தில் 6 முதல் 10 வரையிலான வெளி மண்டலங்களில் சஃபாரி நடக்கும், ஆனால் கனமழை பெய்தால் பாதைகள் சேறாகிப் பயணம் ரத்தாகலாம். தொலைவிலிருந்து, அதுவும் முதல்முறையாக வருபவர்கள் மழைக்காலத்தைத் தவிர்ப்பதே நல்லது.

திறந்திருக்கும் ஒன்பது மாதங்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அக்டோபரிலும் நவம்பரிலும் காடு பச்சையாகவும் ஏரிகள் நிறைந்தும் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் புல் உயரமாக வளர்ந்திருப்பதால் விலங்குகள் எளிதில் கண்ணில் படா. டிசம்பரிலும் ஜனவரியிலும் விடியற்காலைக் குளிர் ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கக்கூடும், திறந்த வண்டியில் காற்று முகத்தில் அடிக்கும்போது அது இன்னும் குறைவாகவே தோன்றும். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வெயிலும் குளிரும் அளவோடு இருக்கும், இலையுதிர்ந்த காட்டில் புரசு மரங்கள் செந்நிறமாகப் பூத்திருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டிப் போகும். ஆனால் சிற்றோடைகள் வற்றிவிடுவதால் விலங்குகள் எல்லாம் மிஞ்சியிருக்கும் நீர்நிலைகளைத் தேடி வரும், ஆகவே புலியைக் காணும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை மார்ச் மாதத்தின் முதல் பாதி. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான பத்து நாள்களையும், தீபாவளி வாரத்தையும், நீண்ட வார இறுதிகளையும் விட்டுவிடுங்கள். அந்த நாள்களுக்கான இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துபோகும்.

2. மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள்

பூங்கா பத்துச் சுற்றுலா மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அங்கே எல்லோரும் ஜோன் என்றே சொல்வார்கள். ஒரு சஃபாரிக்கு ஒரு மண்டலம்தான். உள்ளே போனபின் அடுத்த மண்டலத்துக்கு மாற இயலாது. இணையத்தில் பதிவு செய்யும்போதே மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், பிறகு மாற்றிக் கேட்டாலும் பயனில்லை.

ஏரிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் 3, 4 ஆகிய மண்டலங்களை முதலில் தேடுங்கள். மூன்றாம் மண்டலத்தில் பதம் தலாவ், ராஜ்பாக் ஆகிய ஏரிகளும், பதம் தலாவின் கரையில் சிவப்பு மணற்கல்லால் கட்டிய ஜோகி மகாலும், அதன் அருகே விழுதுகள் பரப்பி நிற்கும் மிகப் பெரிய ஆலமரமும் இருக்கின்றன. ராஜ்பாக் ஏரியில் கழுத்தளவு நீரில் நின்று கடமான்கள் நீர்ச்செடிகளை மேய்வதையும், பத்தடி தள்ளி முதலைகள் வெயில் காய்வதையும் ஒரே பார்வையில் காணலாம். நான்காம் மண்டலத்தில் மலிக் தலாவ் என்ற ஏரி இருக்கிறது. 1, 2, 5 ஆகிய மண்டலங்களில் பள்ளத்தாக்குகளும் ஓடைகளும் அடர்ந்த காடும் உள்ளன. இந்த ஐந்துக்கும் செல்லும் வழி, கோட்டைக்குப் போகும் சாலையை ஒட்டியே இருக்கிறது.

குண்டால், சிடிகோ, பாலாஸ், குவால்ஜி, ஆந்த்ரி என்ற பெயர்களால் அழைக்கப்படும் 6 முதல் 10 வரையிலான மண்டலங்களைப் பலர் இரண்டாம் தரமாகப் பேசுவார்கள். அது முழு உண்மையன்று. எங்கள் இரண்டாம் பயணத்தில் நாங்கள் புலியைப் பார்த்தது ஆறாம் மண்டலத்தில்தான். கூட்டமும் அங்கே குறைவு. ஆனால் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்: எட்டாம் மண்டலத்தின் பாதை செங்குத்தான பாறை ஏற்றங்களைக் கொண்டது, முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் அது ஏற்றதன்று. 9, 10 ஆகியவற்றின் வாயில்கள் ரந்தம்போர்ச் சாலையிலிருக்கும் விடுதிகளிலிருந்து தொலைவில் இருப்பதால், போய்ச்சேரவே நேரம் செலவாகும்.

மூன்று சஃபாரிகள் போக முடிந்தால், இரண்டை உள் மண்டலங்களிலும் ஒன்றை ஆறாம் மண்டலத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சஃபாரிக்காக இவ்வளவு தொலைவு வருவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். புலி தென்படுவது அதன் விருப்பம். ஒரே சஃபாரியில் அதை எதிர்பார்த்துப் போனால் மனம் முழுவதும் பதற்றமே நிறையும், காட்டைப் பார்க்க இடமிராது.

3. ஜிப்சியா, கேன்டரா

ஆறு பேர் அமரும் ஜிப்சி, இருபது பேர் அமரும் கேன்டர் என இரண்டு வகை வண்டிகள் உண்டு. இரண்டுக்கும் கூரை கிடையாது. ஜிப்சி சிறியது, குறுகிய திருப்பங்களில் எளிதாக நுழையும், உடன் வருபவர்களும் குறைவு என்பதால் அமைதி கிடைக்கும். கேன்டர் உயரமானது, கட்டணம் குறைவு. ஆனால் இருபது பேரில் நான்கு பேர் பேசிக்கொண்டே வந்தாலும் மற்றவர்களுக்குக் காட்டின் ஓசை கேட்காமல் போய்விடும். பின்வரிசையில் குலுக்கலும் அதிகம். இரண்டு வண்டிகளும் ஒரே பாதையில்தான் போகின்றன, ஆகவே ஜிப்சி கிடைக்கவில்லை என்பதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம். கேன்டரில் முன்வரிசை இருக்கை கிடைத்தால் நன்றாகவே பார்க்கலாம்.

ஜிப்சியில் ஒருவர் ஓர் இருக்கையை மட்டும் பதிவு செய்யலாம், முழு வண்டியையும் எடுக்க வேண்டியதில்லை. நால்வர் கொண்ட குடும்பம் பதிவு செய்தால் மற்ற இரு இருக்கைகளில் வேறு யாராவது வருவார்கள்.

4. பதிவு: இங்கேதான் நிதானம் வேண்டும்

ராஜஸ்தான் அரசின் இணையதளத்தில், பயண நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே பதிவு செய்யலாம். தேடுபொறியில் பூங்காவின் பெயரைத் தட்டினால் முதலில் வருபவை பெரும்பாலும் தனியார் தளங்கள். பூங்காவின் பெயரையே தங்கள் முகவரியில் வைத்துக்கொண்டு, அதிகாரபூர்வத் தளம்போலவே தோற்றமளிப்பவை பல. அவை சட்டவிரோதமானவை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அரசுக் கட்டணத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வசூலிப்பவை உண்டு. முகவரியின் முடிவில் ராஜஸ்தான் டாட் ஜிஓவி டாட் இன் என்று இருந்தால் மட்டுமே அது அரசுத் தளம். பணம் செலுத்துவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை அதைப் பாருங்கள்.

பதிவு செய்ய உட்காரும்போது, வருபவர்கள் அனைவரின் அடையாள அட்டைகளையும் மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பாலினம், அட்டையின் வகை, அட்டையின் எண் ஆகியவை கேட்கப்படும். நான் பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: எந்த அட்டையின் எண்ணைத் தருகிறீர்களோ, அதே அட்டையின் மூலத்தை அங்கே காட்ட வேண்டும். எண் வேறாக இருந்தாலோ, பெயர் அட்டையில் இருப்பதுபோல் இல்லாவிட்டாலோ சிக்கல்தான். நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. முன்னெழுத்தை ஓர் அட்டையில் பெயருக்கு முன்னும், இன்னோர் அட்டையில் பின்னும், வேறொன்றில் தந்தையின் முழுப்பெயராக விரித்தும் எழுதியிருப்பார்கள். வழக்கமாக நாம் எழுதும் முறையை மறந்துவிட்டு, அந்த அட்டையில் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அப்படியே தட்டச்சு செய்யுங்கள். குழந்தைகளுக்கும் ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளின் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் வெளிநாட்டவர் பிரிவிலேயே பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இந்தியருக்கானதைவிடக் கணிசமாகக் கூடுதல். இந்தியாவில் இருக்கும் உறவினர் ஒருவர் எல்லோரையும் இந்தியர் என்று சேர்த்துப் பதிவு செய்துவிட்டால், நுழைவிடத்தில் வரக்கூடிய சங்கடத்தை அவர்கள்தாம் அனுபவிக்க வேண்டியிருக்கும். கடவுச்சீட்டின் அசல் கையில் இருக்க வேண்டும்.

ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப முடியாது. ஆகவே வருவது உறுதியான பெயர்களை மட்டும் சேருங்கள். ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பி வரும் என்று எண்ணித் தேவைக்கு மேல் பதிவு செய்வதும் வேண்டாம். பணம் செலுத்துவதற்கு முன் ரத்து விதிகளை முழுமையாகப் படியுங்கள்.

இடம் கிடைக்காமல் போனால் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தேதியை வார நாளுக்கு மாற்றுவது. செவ்வாயும் வியாழனும் எனக்கு எளிதாகக் கிடைத்தன. இரண்டாவது, கடைசி நேரத்தில் கூடுதல் கட்டணத்தில் விற்கப்படும் தத்கால் இடங்கள். மூன்றாவது, நீங்கள் தங்கும் விடுதி வழியாகப் பதிவு செய்வது. மூன்றாம் வழியை எடுத்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவுச்சீட்டின் படியை அனுப்பச் சொல்லி, அதில் உள்ள பெயரையும் எண்ணையும் மண்டலத்தையும் வண்டி வகையையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். "எல்லாம் சரியாக இருக்கிறது, நேரில் வாருங்கள்" என்ற சொல்லை நம்பித்தான் நான் அப்பாவை வாசலில் நிறுத்தினேன்.

5. செலவுக்கணக்கு

அரசுத் தளத்தில் பதிவு செய்தால், இந்தியர் ஒருவருக்குக் கேன்டரில் ஒரு சஃபாரிக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாயும், ஜிப்சியில் ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் வரையிலும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், பதிவு செய்யும் நாளில் திரையில் காட்டும் தொகையே இறுதியானது. அந்தத் தொகைக்குள் பூங்கா நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை, வழிகாட்டியின் ஊதியம், வரி எனப் பல கூறுகள் இருக்கின்றன. பதிவுச்சீட்டில் எவையெவை செலுத்தப்பட்டுவிட்டன என்பதைப் படித்துப் பாருங்கள். நேரில் செலுத்த வேண்டியது ஏதேனும் குறிப்பிடப்பட்டிருந்தால் அதற்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

நால்வர் குடும்பம் கேன்டரில் இரண்டு சஃபாரி போனால் எட்டாயிரம் ரூபாய் அளவில் முடியும். அதே குடும்பம் இடைத்தரகர் வழியாகப் போனால் இருபதாயிரத்தைத் தாண்டுவது அரிதன்று. வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்புக் கொடுப்பது உங்கள் விருப்பம். புலியைக் காட்டினால்தான் கொடுப்பேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஆசை வண்டியை விலங்குக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்தவும், பிற வண்டிகளோடு முட்டி மோதவும் வழிவகுக்கிறது.

6. ரயில், விமானம், தங்குமிடம்

இங்கே ஒரு காலப் பொருத்தமின்மை உண்டு. சஃபாரிக்கு ஓராண்டு முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. ரயிலுக்கோ 2024 நவம்பர் முதல் அறுபது நாள்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. சஃபாரியை முதலில் எடுத்துவிட்டு, ரயில் முன்பதிவு திறக்கும் நாளை நாள்காட்டியில் குறித்து வைத்து, அன்று காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள்.

டெல்லியையும் மும்பையையும் இணைக்கும் முக்கிய ரயில்பாதையில் சவாய் மாதோபூர் நிலையம் இருப்பதால் இணைப்பு வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னை–ஜெய்ப்பூர் அதிவிரைவு வண்டி இங்கேயே நின்று செல்கிறது, ஆனால் அது தினமும் ஓடுவதில்லை. விமானத்தில் வருகிறவர்கள் ஜெய்ப்பூரில் இறங்கி, ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திலோ சாலை வழியாக மூன்று நான்கு மணி நேரத்திலோ வந்து சேரலாம். டெல்லியிலிருந்து ரயிலில் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும்.

தொலைதூர ரயில்கள் தாமதமாவது வழக்கம். வந்து சேரும் அன்றே மாலைச் சஃபாரி வைத்துக்கொள்வது பெரிய ஆபத்து. உங்களுக்காக வண்டி காத்திருக்காது. முதல்நாள் மாலைக்குள் ஊர் சேர்ந்து, மறுநாள் காலையில் முதல் சஃபாரி என்று திட்டமிடுங்கள்.

தங்குமிடத்தை ரந்தம்போர்ச் சாலையில் தேடுங்கள். நிலையத்திலிருந்து கோட்டைக்குப் போகும் அந்தச் சாலையின் இருபுறமும் எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன. சஃபாரி வண்டிகள் அந்தச் சாலையிலிருக்கும் விடுதிகளுக்கே வந்து ஆள் ஏற்றிக்கொள்கின்றன. நகருக்குள் மலிவாக அறை எடுத்தால், விடியற்காலை ஆட்டோ தேடி வண்டி நிற்கும் இடத்துக்கு நீங்களே போக வேண்டியிருக்கும். உணவு பெரும்பாலும் சைவம். சோறு கேட்டால் கிடைக்கும். குழந்தைகளுக்குக் காரம் குறைத்துத் தரச்சொல்லி முதல்நாளே சொல்லிவிடுவது நல்லது.

7. போர்டிங் பாஸ்

இணையத்தில் பதிவு செய்த சீட்டு இருந்தால் போதும் என்று எண்ணி நேராக வாயிலுக்குப் போய்விடக் கூடாது. சீட்டைக் காட்டி, அடையாள அட்டைகளைச் சரிபார்க்கச் செய்து, வண்டி எண்ணும் வழிகாட்டியின் பெயரும் குறிக்கப்பட்ட போர்டிங் பாஸைப் பெற வேண்டும். இது சில்ப்கிராம் என்னும் இடத்தில் உள்ள வனத்துறைப் பதிவு மையத்தில் தரப்படுகிறது. எந்த வண்டி, எந்த வழிகாட்டி என்பதை வனத்துறையே முறைவைத்து ஒதுக்குகிறது. நமக்குத் தெரிந்த வழிகாட்டியைக் கேட்டுப் பெற இயலாது.

பல விடுதிகள் சிறு தொகை பெற்றுக்கொண்டு இந்த வேலையைத் தாங்களே செய்து தருகின்றன. முதியவர்களோடு வந்திருந்தால் அந்த உதவியைப் பெறலாம், ஆனால் முதல்நாள் இரவே எல்லோருடைய அட்டை விவரங்களையும் அவர்களோடு உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள். நீங்களே போவதாக இருந்தால் சஃபாரி தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது அங்கே இருக்க வேண்டும்.

சஃபாரி நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். கடுங்குளிர் மாதங்களில் காலைச் சஃபாரி ஏழு மணியளவிலும், கோடையில் ஆறு மணியளவிலும் தொடங்கும். மாலைச் சஃபாரி குளிர்காலத்தில் இரண்டு மணியளவிலும், கோடையில் மூன்று, மூன்றரை மணியளவிலும் தொடங்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். விடுதிகளில் ஆள் ஏற்றும் நேரமும் அதற்குள் அடங்கிவிடுவதால், உங்கள் விடுதிக்கு வண்டி வரும்போது வாசலில் தயாராக நில்லுங்கள். ஒருவர் பத்து நிமிடம் தாமதித்தால் வண்டியில் உள்ள அனைவரும் பத்து நிமிடக் காட்டை இழக்கிறார்கள்.

8. கையில் இருக்க வேண்டியவை

பதிவுச்சீட்டின் அச்சுப்படி இரண்டு, பதிவில் குறிப்பிட்ட அடையாள அட்டைகளின் அசல், அவற்றின் நகல் ஒன்று ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வையுங்கள். எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே என்று அச்சிடாமல் போக வேண்டாம். புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிச் சுற்றுலாவில் கைப்பேசி பயன்படுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தடை விதித்திருக்கிறது. படம் எடுக்க விரும்புகிறவர்கள் தனிக் கேமரா கொண்டுவர வேண்டும். இந்தத் தடையை நான் மனமார வரவேற்கிறேன். ஒரு வண்டி புலியைக் கண்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் கைப்பேசிச் செய்தி போய் இருபது வண்டிகள் அங்கே கூடுவதை முதல் பயணத்தில் பார்த்துக் கலங்கியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் ஊட்டிக்குப் போவதைவிடக் கூடுதலாகவே உடுத்துங்கள்: குல்லாய், கையுறை, கழுத்துத்துணி மூன்றும் வேண்டும். விடுதியில் கேட்டால் போர்வை தருவார்கள், வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும் என்பதால் அடுக்கடுக்காகக் கழற்றக்கூடிய உடைகளே வசதி. சிவப்பு, மஞ்சள், வெள்ளை போன்ற பளிச்சிடும் நிறங்களைத் தவிர்த்து மண்நிறம், பச்சை, சாம்பல் நிறங்களில் அணியுங்கள். புழுதி மிக அதிகம். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் முகக்கவசத்தையும் மருந்தையும் மறக்கக் கூடாது. வாசனைத் திரவியம் வேண்டாம். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் எடுத்து வாருங்கள், ஒரு கேமராவைவிட அது அதிகமாகப் பயன்படும். சஃபாரியின்போது கழிவறை வசதியை நம்ப முடியாது, ஆகவே புறப்படும் முன் விடுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு இதை வலியுறுத்திச் சொல்லுங்கள்.

9. காட்டுக்குள்

வண்டியை விட்டு இறங்கக் கூடாது, விலங்குகளுக்கோ பறவைகளுக்கோ உணவு கொடுக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. வால்காக்கைகள் வண்டியின் விளிம்பில் வந்து அமர்ந்து பிஸ்கட் கேட்பதுபோலத் தலையைச் சாய்க்கும். கொடுக்காதீர்கள், அவை அப்படிப் பழகியதே நம்மைப் போன்றவர்களால்தான்.

வழிகாட்டிகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார்கள். அவர்கள் அடிக்கடி சொல்லும் "கால்" என்ற ஆங்கிலச் சொல் எச்சரிக்கைக் குரலைக் குறிக்கும். வேட்டை விலங்கு நடமாடுவதை அறிந்த புள்ளிமானும் கடமானும் மந்தியும் எழுப்பும் குரல்தான் அது. புள்ளிமான் சிறு அசைவுக்கும் கத்திவிடும். கடமான் எளிதில் வாய் திறப்பதில்லை, ஆகவே அதன் கனத்த ஒலியை வழிகாட்டிகள் பெரிதும் நம்புகிறார்கள். குரல் கேட்டதும் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்துவார். அந்த நேரத்தில் எவரும் எதுவும் கேட்காமல், நகராமல், மூச்சடக்கி இருப்பதே நாம் செய்யக்கூடிய ஒரே உதவி. இரண்டாம் பயணத்தில் அப்படி இருபது நிமிடம் காத்திருந்தோம். ஓடைக்கு மேலே இருந்த பாறைத்திட்டில் நிழலென்று நாங்கள் எண்ணியிருந்த ஒன்று எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, எங்களைத் திரும்பியும் பாராமல் இறங்கி நடந்தது. அப்பா என் முழங்கையைப் பற்றியிருந்தார், அது மறைந்த பிறகும் விடவில்லை.

புலியை மட்டுமே தேடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரவல்லி மலைத்தொடரும் விந்திய மலைத்தொடரும் சந்திக்கும் இடம் இது. இரண்டுக்கும் நடுவே பெரும் நிலப்பிளவு ஒன்று ஓடுகிறது. ஆரவல்லிப் பக்கத்தில் மலைகள் கூர்மையான முகடுகளாக எழும். விந்தியப் பக்கத்திலோ மணற்கல் படுகைகள் மேசைபோல் தட்டையாக நின்று, விளிம்பில் திடீரென்று செங்குத்தாக வெட்டி இறங்கும். ஒரே சஃபாரியில் இந்த இரண்டையும் கண்ணால் வேறுபடுத்திப் பார்க்க முடியும். பாறை விளிம்புகளின் அடியில் உள்ள வெடிப்புகளும் முழைகளும் சிறுத்தைக்கும் கரடிக்கும் உறைவிடம். ஆகவே வண்டி செங்குத்துப் பாறையை ஒட்டிப் போகும்போது எல்லோரும் பாதையில் புலித்தடம் தேடினால், நீங்கள் தலையை உயர்த்திப் பாறை மடிப்புகளைப் பாருங்கள். மண் குறைந்த அந்தச் சரிவுகளில் தோக் என்னும் மரமே காட்டின் பெரும்பகுதியாக நிற்கிறது. கோடையில் முற்றிலும் காய்ந்து பட்டுப்போனதுபோல் தோன்றும். முதல் மழை பெய்த சில நாள்களிலேயே பச்சையாகிவிடும். சமவெளிப் புல்வெளியில் நீல்காய் மான்களையும், வறண்ட திறந்த வெளிகளில் சிங்காரா மான்களையும், ஏரிக்கரைகளில் மஞ்சள்மூக்கு நாரைகளையும் பார்க்கலாம்.

10. கோட்டைக்கு அரைநாள் ஒதுக்குங்கள்

சமவெளிக்கு மேலே இருநூறு மீட்டர் அளவு உயர்ந்து நிற்கும் பாறையின்மேல் ரந்தம்போர்க் கோட்டை இருக்கிறது. ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் என்ற தொகுப்பில் 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இங்கே செல்லச் சஃபாரி அனுமதி தேவையில்லை. மூன்றாம் மண்டலம் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம்: கோட்டை மதிலிலிருந்து கீழே பார்த்தால் பதம் தலாவும் ஜோகி மகாலும் ஏரிக்கரையில் மேயும் மான்களும் தெளிவாகத் தெரியும். இருநோக்கியை இங்கே கட்டாயம் எடுத்து வாருங்கள்.

நவலக்கா வாயில், யானை வாயில், கணேசர் வாயில் என ஒன்றன்பின் ஒன்றாக வரும் வாயில்களைத் தாண்டி ஏற வேண்டும். படிகள் அகலமானவை, ஆனால் தேய்ந்து வழுவழுப்பானவை. நல்ல பிடிப்புள்ள காலணி அணியுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மேலே போய்விடலாம். உள்ளே முப்பத்திரண்டு தூண் மண்டபமும், மூன்று கண்களோடு விளங்கும் திரிநேத்ர கணேசர் கோயிலும் உள்ளன. பூசைத்தட்டையும் உணவுப் பொட்டலத்தையும் மந்திகள் பறித்துவிடும் என்பதால் எதையும் பைக்குள் மூடியே வையுங்கள்.

புதன்கிழமைகளில் இந்தக் கோயிலுக்குக் கூட்டம் மிகுதி. கணேச சதுர்த்தியை ஒட்டிய திருவிழா நாள்களில் சாலையே நிரம்பி வழியும். ஆகவே கோட்டைக்கு வேறு நாளைத் தேர்ந்தெடுத்து, காலைச் சஃபாரி முடிந்து திரும்பியதும் உணவருந்திவிட்டுப் புறப்படுங்கள்.

கடைசியாக, மிகக் கண்டிப்பான ஓர் எச்சரிக்கை. கோட்டைக்குப் போகும் சாலை காட்டுக்குள்ளேயே செல்கிறது. பக்தர்கள் நிறைய வருவதால் இது பாதுகாப்பான ஊர்ச்சாலை என்று தோன்றும். 2025 ஏப்ரலில், கோயிலுக்குப் போய்த் திரும்பிய குடும்பத்தின் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை இதே வழியில் புலி கொன்றது. எனவே கோட்டை அடிவாரம் வரை வண்டியிலேயே போய், வண்டியிலேயே திரும்புங்கள்; இடையில் படம் எடுக்கவோ காலாறவோ இறங்க வேண்டாம். குழந்தைகளின் கையை விடாதீர்கள். வனக்காவலர் பாதை மூடியிருக்கிறது என்றால் மறுபேச்சின்றித் திரும்பிவிடுங்கள். வெளிச்சம் மங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேலேயிருந்து இறங்கத் தொடங்குங்கள், ஏனெனில் இறங்கும்போது முதியவர்களுக்கு ஏறுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். எங்களோடு வந்த வண்டி ஓட்டுநர் மாலை நான்கு மணிக்கே கீழே வந்துவிடச் சொன்னார். நாங்களும் அப்படியே செய்தோம்.